முத்தையா அண்ணனுக்குக் கொடுத்த எனிமா

எங்கள் பக்கத்தில் நோயாளி தனியாக ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. ஒரு வேன் ஆட்களோடு வருவார். அதில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கண்டுபிடிப்பதுதான் நர்ஸின் முதல் வேலை. கேட்கச் சுலபமாக இருக்கும். (ஒரு நாள் டியூட்டி பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.)

வருஷாவருஷம் புதிதாகச் சேரும் நர்ஸிங் பிள்ளைகளுக்கு 'நோயாளி பாதுகாப்பு' என்று நான்தான் வகுப்பு எடுக்கிறேன். எதைச் செய்வதற்கு முன்னாலும் பெயரை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள், கையில் கட்டிய பெயர்ப் பட்டையைப் பாருங்கள், கேஸ் ஷீட்டோடு ஒத்துப் பாருங்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. பிள்ளைகள் கொட்டாவி விடும். எனக்கும் வரும், அடக்கிக்கொள்வேன். இந்த வகுப்பு என் தலையில் விழுந்ததற்குக் காரணம் முத்தையா அண்ணன்.

தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இன்னும் நிரந்தரமாகவில்லை. தரச் சான்றிதழுக்காக ஆய்வு செய்ய வெளியூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். "இன்னைக்கு ஒழுங்கா செஞ்சா வேலை நிரந்தரம். சொதப்புனே, அப்படியே பஸ் ஏறிரு" என்று நர்ஸிங் சூப்பிரண்ட் அம்மா காலையிலேயே சொல்லிவிட்டார். 'ஆம்பளப் பய நர்ஸு வேலைக்குப் போறான்' என்று அப்பா ஏற்கெனவே ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார். அந்த வேலையும் போனால் வீட்டு வாசலை எப்படி மிதிப்பது?

எனக்கு ஒதுக்கிய நோயாளி ஜெயமங்கலம் செல்லப்பாண்டி. குடலிறக்க ஆபரேஷன். அதற்கு முன்னால் எனிமா கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். அவருக்குத் துணையாக இருந்த மச்சினன்தான் கெங்குவார்பட்டி முத்தையா.

இனி நான் சொல்வது அன்று காலை எனக்குத் தெரியாது. பார்வையாளர் நேரம் முடிந்தால் வாட்ச்மேன் யாரையும் உள்ளே விடமாட்டார். கையில் பட்டை கட்டிய நோயாளிக்கு மட்டும்தான் கதவு திறக்கும். எனவே முத்தையா அண்ணன் தன் மாப்பிள்ளையின் கையில் சோப்பைப் போட்டு, பட்டையை உருவித் தன் கையில் மாட்டிக்கொண்டு, வெளியே போய் இட்லியும் வடையும் சாப்பிட்டுவிட்டு, "நாந்தேன் செல்லப்பாண்டி" என்று வாட்ச்மேனிடம் சொல்லி உள்ளே வந்துவிட்டார். முதல் பஸ்ஸுக்கு எழுந்த அலுப்பு. மாப்பிள்ளை கக்கூஸில் இருந்ததால் காலியாகக் கிடந்த கட்டிலில் காலை நீட்டினார்.

நான் டிரேயோடு போனேன். பின்னால் டாக்டரம்மா, அவருக்குப் பின்னால் சூப்பிரண்ட் அம்மா.

"அண்ணே, உங்க பேரு என்ன?"

அவர் மூன்று பேரையும் பார்த்தார். பட்டை விஷயம் தெரிந்து பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் பாவம்.

"செல்லப்பாண்டி."

பட்டையைப் பார்த்தேன். செல்லப்பாண்டி. கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். செல்லப்பாண்டி. டாக்டரம்மா தலையை ஆட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நிரந்தர வேலை ஆர்டரே கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. திரையை இழுத்துவிட்டேன்.

"இடது பக்கமாத் திரும்பிப் படுங்க, முட்டிய மடக்குங்க."

"எதுக்கு தம்பி?"

"எனிமா. ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லாருக்கும் குடுப்போம்ணே."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

ஆஸ்பத்திரி சட்டம்போல, துணைக்கு வந்த ஆளையும் விடமாட்டார்கள்போல என்று பெருமூச்சு விட்டுத் திரும்பிப் படுத்தார். (அவ்வளவு ஒத்துழைப்புக் கொடுத்த இன்னொருவரை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.)

கொஞ்ச நேரத்தில் இட்லியும் வடையும் எனிமாவும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தன. வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கக்கூஸ் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வார்டே அதிரக் கதவைத் தட்டினார்.

"ஏ மாப்ள! செல்லப்பாண்டி! கதவத் தொறப்பா! உசுரு போகுது!"

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "செல்லப்பாண்டி வெளியே நிக்கிறாரே, உள்ளே யாரு?"

கதவு திறந்தது. கையில் பட்டை இல்லாத ஒருவர் வெளியே வர, பட்டை கட்டியவர் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். டிரேயில் அடுத்ததாக ஊசி இருந்தது. அந்தக் கதவு மட்டும் தாழ்ப்பாள் போடாமல் இருந்திருந்தால் அதையும் அவருக்கே போட்டிருப்பேன். வேலை போவது அப்போதுதான் எனக்குச் சின்ன விஷயமாகப் பட்டது. டிரேயைக் கீழே வைத்துவிட்டேன்.

"சொன்னேன்ல? கெளம்பு" என்றார் சூப்பிரண்ட் அம்மா.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த முத்தையா அண்ணன் குறுக்கே நின்றார். "தம்பி மேல தப்பே இல்லத்தா. பேரக் கேட்டாக, கையப் பாத்தாக. நாந்தேன் பொய் சொன்னேன். வாட்ச்மேன் உள்ள விடமாட்டேங்குறாரு, நான் என்ன செய்ய? பய பொழப்பக் கெடுத்துறாதீக."

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "கூட இருக்கிற சொந்தக்காரர் பொய் சொன்னால்தான் உள்ளே வரமுடியும் என்று வைத்தது யார்?" என்று சூப்பிரண்ட் அம்மாவிடம் கேட்டார். அன்று சாயங்காலமே துணையாளுக்குத் தனிப் பட்டை வந்தது, வேறு நிறத்தில். எனக்கு வேலை நிலைத்தது, கூடவே ஆயுளுக்கும் இந்த வகுப்பு.

போன மாதம் முத்தையா அண்ணனே குடலிறக்கத்தோடு வந்து படுத்தார். செல்லப்பாண்டி உட்பட ஒரு வேன் ஆட்கள் கட்டிலைச் சுற்றி நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். எனிமா டிரேயோடு போய், நான் அலுத்துப்போன குரலில் பெயரைக் கேட்டேன்.

பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, தானாகவே இடது பக்கம் திரும்பிப் படுத்தார்.

"இந்தத் தடவ நாந்தேன் தம்பி. தைரியமாப் பண்ணு."