ஜமுக்காளமும் பிளாஸ்டிக் புல்லும்

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, அடுத்தவர் வீட்டு வாசலில் குப்புறப் படுத்துக்கொண்டு வாய் ஓயாமல் திட்டி, அதற்குக் காபியும் வாங்கிக் குடிக்கத் தெரிந்த ஒரே மனிதர் ஜமுக்காளம்தான்.

அப்பா அம்மா வைத்த பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் ஜமுக்காளம் விரித்துக்கொண்டிருந்தவர். கடற்கரைச் சாலை நெடுக வீடுகள் முளைத்து, உப்புக்காற்றில் நிஜப் புல் கருகி, எல்லோரும் பிளாஸ்டிக் புல்லுக்கு மாறியபோது அவரும் மாறினார். "இதுல இன்னா சார் கீது? முடி மொளச்ச ஜமுக்காளம், அவ்ளோதான்" என்பது அவருடைய தொழில்நுட்ப விளக்கம். பெயர் ஒட்டிக்கொண்டது.

திருவிடந்தைப் பக்கம் எங்கள் குடியிருப்பில் எந்த வீட்டுப் புல் வழுக்கை விழுந்தாலும், மழைத்தண்ணீர் வடியாமல் நாறினாலும், போன் அவருக்குத்தான் போகும். வந்ததும் ஒரு குடம் தண்ணீரைப் புல்லில் கொட்டுவார். காதைத் தரையில் வைத்துப் படுப்பார். பிறகு எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். காபி முடிவதற்குள் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால் தரை பிழைத்தது. இறங்காவிட்டால் இன்னொரு காபி. ரொம்ப மோசமான வீடுகளில் நாஸ்தாவையும் முடித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார்.

எதிர்வீட்டு சாஃப்ட்வேர் மானேஜர் வீட்டில் கேட்டிலிருந்து கதவுவரை ஒற்றையடிப் பாதை மாதிரி புல் தேய்ந்திருந்தது. ஜமுக்காளம் அவரை நிற்கவைத்து விசாரித்தார்.

"தெனம் ஒரே ரூட்டுல போய்க்கினு வந்துகினு இருந்தா புல்லு இன்னாத்துக்கு ஆவும்? இன்னிக்கு மாமரத்தாண்ட போ, நாளைக்கு பைக்காண்ட வா. மாத்தி மாத்தி நட நைனா."

அந்த அப்பாவி அப்படியே கேட்டார். ஆபீஸ் விட்டு வந்து தன் வாசலிலேயே வளைந்து வளைந்து நடந்தார். மனிதர் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று தெருவே வருத்தப்பட்டது. அவர் மனைவிக்கு ஆறுதல் சொல்லப் போனவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் முறை ஐப்பசி அடைமழையில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்து ஏற்கெனவே தள்ளிப்போன விசேஷம். இன்னொரு முறை தள்ளினால் சகுனம் சரியில்லை என்று சம்பந்தத்தையே விட்டுவிடக்கூடிய குடும்பம். மண்டபம் எதுவும் காலியில்லை. எங்கள் வாசலில்தான் பந்தல். வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். மகள் யாரிடமும் பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

ஜமுக்காளம் வந்தார், படுத்தார், எழுந்தார். காபி முடிந்தது. இட்லி வந்தது. தண்ணீர் அசையவில்லை.

"எந்த சோமாறி போட்டான் இத? அவன் கைய ஒடைக்கணும்!" என்று ஆரம்பித்து, புல் போட்டவனின் வம்சத்தையே இழுத்தார்.

"நீங்கதாண்ணே போட்டீங்க" என்றாள் என் மனைவி, சட்னி ஊற்றிக்கொண்டே.

ஜமுக்காளம் கொஞ்சம் யோசித்தார். "அப்டியா? அப்ப எனுக்கு வெவரம் பத்தாது. ஆனாலும் அந்தாள நான் மன்னிக்க மாட்டேன்."

ஒரு மூலையைப் பிடித்து உரித்ததும் அவர் முகம் மலர்ந்தது. புல்லின் அடியில் தண்ணீர் இறங்கவேண்டிய ஓட்டைகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று அடைத்திருந்தன.

"இன்னாது தங்கச்சி இது?"

"கோலமாவு."

"புல்லு மேலயா கோலம் போட்டுகினு கீற?"

"கேட்டு வரைக்கும் புல்ல ஒட்டிட்டீங்க. வேற எங்க போடறது? கோலம் இல்லாம ஒரு வாசலா?"

தினம் காலையில் தண்ணீர் தெளித்து அவள் போட்ட கோலமெல்லாம் உள்ளே இறங்கி இறுகியிருந்தது. தப்பு யார் பேரில் என்று இருவரும் மல்லுக்கு நின்றார்கள். சமாதானம் செய்யப் போன என்னை இருவரும் சேர்ந்து திட்டினார்கள்.

கேட்டோரம் சதுரமாகப் புல்லை வெட்டியெடுத்து, ஜமுக்காளம் முதலில் கோலத்துக்கு இடம் செய்தார். மீதிப் புல்லைச் சுருட்டி அலசினார். தரையில் ஜல்லி பரப்பி, தண்ணீர் கேட்டை நோக்கி ஓட வாட்டம் கொடுத்தார். அடைந்த ஓட்டைகளைக் காய்ச்சிய கம்பியால் திறந்தார். வெட்டியெடுத்த சதுரத்தைக் கதவருகே தேய்ந்திருந்த இடத்தில் ஒட்டினார். எல்லாம் கொட்டும் மழையில். ஆனால் தண்ணீர் சரசரவென்று இறங்கியது. மகள் சிரித்தாள்.

ஞாயிறு காலை மழை விட்டு வெளிச்சம் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவசரத்தில் அந்தச் சதுரத்தைத் திருப்பி ஒட்டிவிட்டார். மற்ற புல்லெல்லாம் தெருப்பக்கம் சாய்ந்திருக்க, அது மட்டும் வீட்டுப்பக்கம் சாய்ந்து கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. சகுனம் பார்க்கும் மாப்பிள்ளை வீட்டார் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டார்கள். பிரித்து ஒட்ட நேரமில்லை.

"பயப்படாத தங்கச்சி, நான் கீறேன்" என்று, சலவை வேட்டியோடு ஜமுக்காளம் அதன்மேல் ஏறி நின்றார். நின்றவர் நின்றவர்தான். காபிக்கும் நகரவில்லை. சம்பந்தி நாற்காலியை இழுத்துப் போட்டும், "எனுக்கு நின்னாத்தான் சார் ஒடம்புக்கு நல்லது" என்றுவிட்டார்.

அப்போது சம்பந்தியம்மாள் கேட்டார். "பொண்ணுக்குத் தாய்மாமன் மாலை போடணுமே, எங்க அவரு?"

என் மனைவி கூடப்பிறந்தவர்கள் இல்லாத ஒற்றைப் பெண். எந்த விசேஷத்திலும் அவள் பக்கத்தில் அந்த இடம் காலிதான். நான் எதையாவது உளறுவதற்குள் அவள் கையை நீட்டினாள்.

"அதோ நிக்கிறாரே, எங்க அண்ணன்."

"வாங்க வாங்க" என்றது சபை. ஜமுக்காளம் விழித்தார். நகர்ந்தால் காலடியில் உள்ள கறுப்புத் திட்டு தெரியும், நகராவிட்டால் தங்கச்சிக்கு மரியாதை போகும். மகள்தான் எழுந்தாள். மாலையை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போய், கையில் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். தாய்மாமனைத் தேடிப்போய் மாலை வாங்கும் அடக்கத்தைச் சம்பந்தியம்மாள் வாய்விட்டுப் புகழ்ந்தார்.

நின்ற இடத்திலேயே மாலையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். "இன்னாம்மா, பேஜார் பண்றீங்க" என்றார் ஜமுக்காளம். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை அவருக்கு.

கல்யாணம் முடிந்த பிறகும் அந்தத் துண்டைச் சரியாக ஒட்டித் தருகிறேன் என்று பசையோடு பலமுறை வந்துவிட்டார். என் மனைவி தொடவே விடவில்லை. "எங்க அண்ணன் நின்ன எடம் அது, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி, ஒவ்வொரு முறையும் அவருக்குக் காபி கொடுத்து அனுப்புகிறாள்.