துரியோதனன் தொடையில் ஏறிய டேங்கர்

துரியோதனனைக் கொன்றது பீமன் என்றுதான் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கருங்குழிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து கேட்டுப் பாருங்கள், என் பெயரைச் சொல்வார்கள். அது பொய்யில்லை என்பதுதான் என் வேதனை.

எங்கள் திரௌபதி அம்மன் திருவிழாவில் கடைசி நாள் காலை படுகளம். துரியோதன மகாராஜாவை நாற்பதடி நீளத்துக்கு மண்ணால் செய்து மைதானத்தில் மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். தொடைக்குள் செந்நீர்ப் பானை ஒன்று புதைந்திருக்கும். பீமன் வேஷக்காரர் கதாயுதத்தால் அடித்து அதை உடைக்க வேண்டும். அந்தச் சிவப்பைத் தடவித் திரௌபதி கூந்தல் முடிவாள். பிறகு அந்தத் தொடை மண்ணைப் பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் முந்தானையில் ஏந்திப் போவார்கள்.

அந்த வருஷம் வரிசையில் முதல் ஆள் என் அக்கா. கல்யாணமாகி ஒன்பது வருஷம். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், மஞ்சள் புடவையில், வெறுங்காலோடு நின்றாள்.

புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்க மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், டிராக்டரில் டேங்கரைக் கோத்துக் கொண்டுவந்திருந்தார். எனக்கு வயது இருபத்திரண்டு. லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம். உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ரிவர்ஸ் எடுப்பாயா என்றார். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன் என்றேன். (அப்படித்தான் எடுத்தேன் போலிருக்கிறது.)

டேங்கர் கோத்த டிராக்டரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டேங்கர் வலப்பக்கம் போகும். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. ஜனங்கள் கத்தக் கத்த, எனக்குத்தான் உற்சாகம் கொடுக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பொத்தென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் சக்கரம் ராஜாவின் தொடையில் நிற்கிறது, மண்ணில் சிவப்பாக ஓடுகிறது. மேளம் நின்றுபோயிற்று.

பாதி அரிதாரத்தோடு டீ குடித்துக்கொண்டிருந்த பீமன் எழுந்து வந்து பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, எனக்கு ஒரு வேலையும் வைக்கலியே?"

யாரும் சிரிக்கவில்லை. அவசரமாக ஈரமண் அப்பி, வேறு பானை புதைத்து, ஒரு மணி நேரம் தாமதமாகப் பீமன் அதே ராஜாவை இரண்டாம் முறை கொன்றார். இரண்டு தரம் செத்தவன் மண் பலிக்காது என்று பின்னால் யாரோ முனகினார்கள். அக்கா காதில் வாங்காமல் முந்தானையை விரித்தாள். நான் டிராக்டருக்குப் பின்னால் ஒளிந்து நின்று அழுதேன்.

அக்காவுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

பதினெட்டு வருஷமாக வீட்டு விசேஷம் எதுவானாலும் இந்தக் கதையை எடுத்து விடுபவளும் அவள்தான். போன மாதம் என் மகள் காதுகுத்திலும் பந்தலே குலுங்கக் குலுங்கச் சொன்னாள். என்னால் முடியவில்லை. கை கழுவும் சாக்கில் எழுந்து போனேன். பின்னாலேயே வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

"டேய், திருவிழாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே டாக்டரு கைய விரிச்சிட்டாரு. மாமாவுக்கும் எனக்கும் தெரியும். மனசு கேக்கல, வந்து நின்னேன். நீ இன்னாத்துக்கு இத்தன வருசமா அத சொமந்துகினு கீற?"

சொல்லிவிட்டு முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். பிறகு பந்தலுக்குத் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள்.