இழுத்துப் பிடித்த மூச்சு

தங்கச்சிமடத்தில் ரகசியம் பேச வேண்டுமென்றால் சத்தமாகப் பேச வேண்டும். குரலைத் தாழ்த்தினால்தான் தெருவே காதைத் தீட்டிக்கொள்ளும். இது தெரிந்தும் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசினேன். அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன்.

அப்போது கல்யாணமான புதுசு. அதற்குள் வாய்க்காரி என்று நல்ல பெயர் எடுத்திருந்தேன். மீன் ஏலத்தில் தகராறு என்றால் என்னைத்தான் கூட்டிப் போவார்கள். அப்பேர்ப்பட்ட நான், கணவர் அருள் விசைப்படகில் கடலுக்குப் போனதும், மறுநாள் காலை கரை திரும்பும்வரை நெஞ்சு படபடக்க, ஒரு வாய் சோறு இறங்காமல் கிடப்பேன். இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் "ஸ்டெல்லாவுக்குக் கிறுக்கு" என்று ஊர் முடித்துவிடும். அதன்பிறகு ஏலக்கூடத்தில் யார் எனக்குப் பயப்படுவார்கள்?

கல்லூரித் தோழி ஒருத்தி என் போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தாள். மனசு சரியில்லாதவர்களுக்கு இலவசம். திறந்ததும் ஐந்து மஞ்சள் மூஞ்சிகள் வந்து, இன்று உங்கள் மனநிலை எது என்று கேட்டன. நடுவில் இருந்தது என் மாமனார் சாயலில் இருந்ததால் மரியாதைக்கு அதைத் தொட்டேன். (உண்மையில் நான் கடைசி மூஞ்சி.) பிறகு, ஆலோசகர் வீடியோவில் பேசுவார், தனியிடத்தில் இருங்கள் என்று செய்தி வந்தது.

தனியிடத்துக்கு நான் எங்கே போவேன்? எங்கள் வீட்டில் குளித்துக்கொண்டிருந்தாலும் மாமியார் வெளியே நின்று பேச்சுக் கொடுப்பார். கதவும் சிக்னலும் சேர்ந்து இருந்த ஒரே அறை, மாமனாரின் வயர்லெஸ் செட் இருந்த முன்னறைதான். கடலில் இருக்கும் படகுகளோடு கரையிலிருந்து பேசுவதற்கான செட் அது. அதன் மைக்கில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் நாம் பேசுவது எல்லாருக்கும் கேட்கும். விட்டால்தான் அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும்.

அன்று அருள் கடலில் இருந்தார், மாமனார் வெளியே போயிருந்தார். மூச்சுப் பயிற்சிக்கு இரண்டு கையும் வயிற்றில் இருக்க வேண்டுமாம். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுச் செட்டின்மேல் சாய்த்து நிறுத்தினேன். வழுக்கியது. முட்டுக் கொடுக்க அந்த மைக்கை எடுத்துப் போனுக்கும் செட்டுக்கும் நடுவில் செருகினேன். கச்சிதமாக நின்றது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

"சொல்லுங்க மேடம், மனசுல என்ன இருக்கு?" என்றார் ஆலோசகர். கனிவான பெண்.

அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிட்டேன். "அவரு கெளம்புறப்ப அழுகை வந்துரும் மேடம். அது தெரியக்கூடாதுன்னுதான் ஒவ்வொரு தடவையும் வேணும்னே சண்ட போட்டு அனுப்புறேன். திரும்பி வார வரைக்கும் பச்சத் தண்ணி எறங்காது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். இலவசம்தானே என்று, மாமியாரின் மீன்குழம்பில் புளி தூக்கல் என்பதையும், பக்கத்துப் படகு அந்தோணி அண்ணன் வயர்லெஸ்ஸில் பாடும் பாட்டுக்கு மீனெல்லாம் ஓடிவிடும் என்பதையும் சேர்த்தே இறக்கி வைத்தேன்.

"இப்ப நாலு எண்ணி மூச்சை இழுங்க. அப்படியே பிடிச்சு வையுங்க."

பிடித்து வைத்தேன். அந்த நேரம் பார்த்து மாமியார் கதவைத் தட்டினார். பதறிப்போய் போனைப் பிடுங்கி அணைத்தேன். மைக் கீழே விழுந்தது. செட் கரகரத்தது. அந்தோணி அண்ணனின் குரல், தொண்டையில் முள் சிக்கியது போல வந்தது.

"தங்கச்சி, இழுத்துப் பிடிச்சிருக்கோம். எப்ப விடுறது?"

அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு நேரமும் பொத்தான் அழுந்தியே இருந்திருக்கிறது. குறுக்கே ஒரு வார்த்தை பேச வழியில்லாமல் அத்தனை படகும் கேட்டிருக்கிறது.

"ஏலே, விட்டுத் தொலை, செத்துருவ" என்றது ஒரு குரல்.

"எங்க வீட்டுலயும் சண்ட போட்டுத்தான் அனுப்புறா. அதுக்கு இதான் அர்த்தமாப்பா?" என்றது இன்னொன்று.

கதவைத் திறந்தால், மாமியார். "பக்கத்து வீட்டு செட்டுல கேட்டேன். புளி கூடவா இருக்கு?"

பூமி பிளக்காதா என்று பார்த்தேன். பிளக்கவில்லை. செட்டில் மற்ற குரல்கள் அடங்கி, அருளின் குரல் மட்டும் வந்தது.

"ஸ்டெல்லா, சாப்பிட்டியா?"

மைக்கை எடுத்தேன். இந்தத் தடவை தெரிந்தே பொத்தானை அழுத்தினேன். "இல்ல" என்றேன்.

"சாப்புடு. சாப்பிட்டேன்னு சொன்னாத்தான் இங்கன வலை எறங்கும்."

மாமியார் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்தார். அதே மீன்குழம்பு, அதே புளி. அழுதுகொண்டே வழித்துச் சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் சாப்பிட்டதே இல்லை.

பயம் ஒரே நாளில் போய்விடவில்லை. அந்த மேடத்திடம் இன்னும் பலமுறை பேசித்தான் குறைந்தது. (மாமனார் மைக்கை எனக்கு எட்டாத ஆணியில் மாட்டிவிட்டார்.) சில நாள் கழித்து அந்தோணி அண்ணன் ஒரு பை நண்டோடு வந்து, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அந்த ஆப் பேரு என்ன தங்கச்சி? எனக்கில்ல, ஒரு கூட்டாளிக்கு. தூக்கமே வரலையாம்" என்றார். அந்தக் கூட்டாளி இப்போது நன்றாகத் தூங்குகிறாராம். பாட்டுதான் அப்படியே இருக்கிறது.

எங்கள் வீட்டில் யாராவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால், "எப்ப விடுறது?" என்று கேட்பது இன்றும் வழக்கம். ஏலக்கூடத்திலும் எனக்குப் பயப்படத்தான் செய்கிறார்கள், சாப்பிட்டாச்சா என்று விசாரித்துவிட்டு. என் ஒரே நஷ்டம் வீட்டில்தான். அருள் கிளம்பும் நேரம் நான் வாயைத் திறந்தால் போதும், "சரி சரி, அழுவாத, போயிட்டு வாரேன்" என்று சிரித்துக்கொண்டே இறங்கிவிடுகிறார். நிஜமாகவே கோபம் வந்து திட்டுகிற நாளிலும்.