தொட்டியில் ஊறிய மாப்பிள்ளை

மாப்பிள்ளை மரியாதைக்கு ஆயுசு ஒரு வருஷம் என்பார்கள். ஆடிச் சீர், தலை தீபாவளி, பொங்கல் வரிசை என்று சிக்கனமாக வைத்துச் சாப்பிட வேண்டிய சொத்து அது. நான் என் பங்கை மொத்தமாகத் தலை தீபாவளி அன்று காலையிலேயே, பலகாரத்தில் கை வைப்பதற்கு முன்னால் தொலைத்தேன். அதற்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்து நாலு வயசு. ஸ்ரீராம்புரத்தில் ஒண்டுக் குடித்தனம், பக்கத்து மில்லில் பாய்லர் வேலை. பாய்லருக்கு உப்புத் தண்ணீர் ஆகாது, உள்ளே சுண்ணாம்பு மாதிரி படிந்துவிடும். அதனால் தினமும் காலையில் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்கிப் பார்ப்பேன். நுரைத்தால் நல்ல தண்ணீர். நுரைக்காமல் தயிர் மாதிரி திரிந்தால் உப்புத் தண்ணீர். (இதை ஐந்து வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன் என்பதை நீங்கள் தயவுசெய்து ஞாபகத்தில் வையுங்கள். நான் வைக்கவில்லை.)

என் மாமனார் வேலாயுதம் மர்பி டவுன்காரர். தண்டு என்கிற பட்டாளப் பேட்டைப் பக்கம் ஒரு சின்ன சோப்புக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக மேஸ்திரி. கொப்பரையில் கொதிக்கிற சோப்பை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தே பதம் சொல்வார். அவர் வீட்டில் சீயக்காய்க்கு அனுமதி கிடையாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில்கூட சோப்புதான். அந்த வருஷம் முதலாளி முதல் தடவையாக, "மேஸ்திரி, தீபாவளிக்கு உன் கைப்பக்குவத்திலயே ஒண்ணு போடு" என்று சொல்லியிருந்தார். மாமா தூக்கம் இல்லாமல் காய்ச்சி, சரக்கு கடைகளுக்கும் போய்விட்டது. எங்கள் கல்யாணத்துக்குக்கூட அந்த மனுஷர் அவ்வளவு சந்தோஷப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், மில்லில் இரண்டு பேர் தூக்க வேண்டிய இரும்பு வால்வை, "தள்ளுங்கடா" என்று சொல்லி ஒண்டியாகத் தூக்கினேன். பாதி வரை தூக்கினேன். மீதியை முதுகு தூக்கவில்லை. கருக்கரிவாள் மாதிரி வளைந்து நின்ற என்னைப் பார்த்து எங்கள் சார்ஜ்மேன் ரோசாரியோ சிரித்தார்.

"இன்னா மேன், நியூலி மேரிட், இப்பவே கிழவனாயிட்டே? எப்சம் சால்ட் வாங்கு. சூடான தண்ணில கொட்டி இருபது நிமிஷம் அதுல உக்காரு. வலி பூடும். ஆனா கேளு மேன், கொதிக்கக் கொதிக்க உக்காராதே, மயக்கம் வரும். ரொம்ப நேரம் ஊறாதே, தோலு காஞ்சு பூடும். எழுந்ததும் நிறையத் தண்ணி குடி. முக்கியமா, அத்த வாய்ல போட்டுறாதே!"

"எதுல சார் உக்கார்றது?"

"பாத் டப்லதான் மேன்!"

ஸ்ரீராம்புரத்தில் எனக்கு பாத் டப்! எங்கள் குடித்தனத்தில் ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரு துவைக்கிற கல், ஒரு தகரத் தடுப்பு. அப்போதுதான் மாமனார் வீட்டுக் குளியலறை என் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே வெந்நீருக்கு அடுப்போடு கட்டிய செப்பு அண்டா. பக்கத்தில், குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைக்க இடுப்பளவு உயர சிமெண்டுத் தொட்டி. தாராளமாக ஒரு ஆள் உட்காரலாம். (ஒரு ஆள் உட்காரலாம் என்று அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.)

முதுகு வலியைச் சொல்லிவிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? "நல்ல உழைப்பாளிப் பையன்" என்று சொல்லித்தான் பெண் கொடுத்தார்கள். வாங்கின மாடு நாலே மாசத்தில் படுத்துக்கொண்டது என்று மர்பி டவுன் முழுக்கப் பேசமாட்டார்களா?

அல்சூர் மார்க்கெட் பக்கம் மருந்துக் கடையில் போய், "மூணு பவுண்டு எப்சம் சால்ட்" என்றேன்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பேதி உப்பா? மூணு பவுண்டா? வூட்ல எத்தினி பேரு?"

"எனக்கு மட்டுந்தான்."

"தம்பி, வாழ வேண்டிய வயசு."

"தலை தீபாவளிக்குப் போறேங்க."

"ஓ!" என்று தலையை ஆட்டினார். "அப்பிடியே பலகாரம் ஜாஸ்தியானாலும், ஒரு ஸ்பூனுக்கு மேல வேணாம்."

தீபாவளி அன்று விடிவதற்கு முன்னால் அத்தை என்னையும் என் மனைவி கமலாவையும் மணையில் உட்காரவைத்து எண்ணெய் வைத்தார். எழுந்து நின்றேன், நிமிர முடியவில்லை.

"இன்னா மாப்ளே, ஒரு மாதிரி குனிஞ்சே இருக்கீங்க?"

"பெரியவங்க முன்னாடி ஒரு மரியாதைதான் அத்தே."

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பையனா என்று உள்ளே போய் மாமாவிடம் சொன்னது எனக்கே கேட்டது.

மாப்பிள்ளைக்குத்தான் முதல் குளியல். துண்டுக்குள் உப்புப் பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அண்டாவில் இருந்த வெந்நீரையெல்லாம் தொட்டியில் மொண்டு ஊற்றினேன். மூன்று பவுண்டையும் கொட்டி, கையால் கலக்கி, உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெயோடு உள்ளே இறங்கி உட்கார்ந்தேன்.

அடடா! அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன்? இடுப்பில் மூன்று நாளாகப் பூட்டிக் கிடந்த ஏதோ ஒன்று மெல்ல இளகியது. ரோசாரியோ இருந்த திசைக்கு ஒரு கும்பிடு போட்டேன். கண்ணை மூடினேன். திறந்தபோது கமலா கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, தூங்கிட்டீங்களா? அண்ணன் குளிக்கணுமாம், ஜல்தி வாங்க!"

இருபது நிமிஷம் எப்போதோ தாண்டியிருக்க வேண்டும். சடாரென்று எழுந்தேன். குளியலறை ஒரு சுற்றுச் சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் தெளிந்ததும் கீழே பார்த்தால் தொட்டி முழுக்க எண்ணெய் மிதக்கிறது! சொம்பால் மேலாக மொண்டு மொண்டு கொட்டினேன். அதற்குள் இன்னொரு ஞாபகம்: அடியில் நெருப்பு எரிகிறது, அண்டா காலி. பதறிப்போய்த் தொட்டித் தண்ணீரையே எடுத்து அண்டாவை நிரப்பினேன். கடைசியாக மாமாவின் புது சோப்பைத் தேய்த்தேன். நுரை வரவில்லை. எண்ணெய் ஜாஸ்தி போல என்று நினைத்துக்கொண்டு, பிசுபிசுப்போடு புது வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

எனக்குப் பின்னால் மச்சான் சேகர் போனான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம்.

"நைனா! உன் சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது!"

"தேய்க்கத் தெரியலைன்னு சொல்லுடா!" என்று மாமா சிரித்தார்.

அப்புறம் அத்தை போனார். தலையெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திரிதிரியாக ஒட்டிக்கொண்டு, தயிர் சாதத்தைக் கவிழ்த்தது போல வந்து நின்றார். "இன்னாங்க போட்டீங்க சோப்புல? எண்ணெயும் போகல, ஒண்ணும் போகல. வாய் கொப்பளிச்சா கசக்குது!"

கொப்பளித்தாரா! எனக்கு வயிற்றைக் கலக்கியது. (உப்பு சாப்பிடாமலே.) பாட்டிலும் சோப்புக் கரைசலும் அப்போதுதான் கண்முன் வந்தன. தினம் தினம் குலுக்கிப் பார்க்கிறவன், ஒரு தொட்டித் தண்ணீரையும் என் கையாலேயே உப்புத் தண்ணீராக்கியிருக்கிறேன்! உப்பு போட்டேன் என்று சொல்லலாம். ஏன் போட்டாய், எங்கே உட்கார்ந்தாய் என்று கேட்பார்களே? என் மாமியார் வாய் கொப்பளித்தது நான் ஊறின தண்ணீரில் என்று எந்த வாயால் சொல்வேன்?

மாமா தானே போய்க் குளித்துப் பார்த்தார். வெளியே வந்தவர் சோப்புக் கட்டியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாக்கில் தொட்டார். "காரம் சரியாத்தானே இருக்கு... கொழுப்புல எங்கியோ தப்பு பண்ணிட்டேன்" என்றார். எண்ணெய் ஒழுகும் உடம்பின் மேலேயே சட்டையை மாட்டினார். சைக்கிளை எடுத்தார்.

"நாளும் கிழமையுமா எங்க கெளம்பிட்டீங்க? ஒரு வடையாவது வாய்ல போட்டுட்டுப் போங்க" என்றார் அத்தை.

"இறங்காது. முதலாளி வூட்டுக்குப் போறேன். கடைக்குப் போன சரக்கையெல்லாம் திருப்பி எடுக்கச் சொல்லணும். எத்தினி வூட்ல இப்பிடி நல்ல நாள்ல எண்ணெய்த் தலையோட நிக்கிறாங்களோ. இனிமே நான் கொப்பரைப் பக்கம் போறது நியாயமில்ல."

கமலா அழ ஆரம்பித்துவிட்டாள். "நைனாவை இப்பிடி நான் பார்த்ததே இல்லீங்க" என்றாள். மாமா என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க மாப்ளே, தலை தீபாவளியும் அதுவுமா உங்களுக்கு இப்பிடி ஆயிடுச்சு" என்று வேறு சொல்லிவிட்டு ஏறி மிதித்தார்.

அந்த மன்னிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஓடினேன். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமா! மாமா!" என்று கத்திக்கொண்டே, வெடிக்கிற சரங்களுக்கு நடுவில் ஓடினேன். தெருக்கோடிக் குழாயடியில் யாரோ நீளமாகச் சரம் கொளுத்தியிருந்ததால் மாமா சைக்கிளை நிறுத்த வேண்டியிருந்தது. பின்னால் கேரியரைப் பிடித்துவிட்டேன்.

"மாமா, சோப்பு மேல தப்பில்ல. தண்ணில உப்பு."

"நம்ம தொட்டித் தண்ணில ஏது உப்பு?"

"நான் போட்டேன். பேதி உப்பு. மூணு பவுண்டு."

மாமா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"முதுகு புடிச்சிக்கிச்சு மாமா. அதுல ஊறினா சரியாவும்னாங்க. அதான்... தொட்டில..."

"தொட்டில?"

"உக்காந்தேன்."

சரம் முழுக்க வெடித்து ஓய்ந்ததும் மாமா சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த சோப்பை எடுத்தார். (முதலாளியிடம் காட்டக் கொண்டுபோயிருக்கிறார்.) குழாயடியில் ஒரு அம்மா நிரப்பி வைத்த குடத்தைச் சாய்த்துக் கையில் தேய்த்தார். நுரை! முழங்கை வரை, பூப்பூவாக நுரை! அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. எனக்கும்தான்.

"ஏனாய்த்து மேஸ்திரி?" என்று கன்னடத்தில், என்னாச்சோ ஏதாச்சோ என்று பதறிப்போய் எதிர் வீட்டு கௌடர் ஓடி வந்தார்.

என்னை அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. மாமா நுரைக் கையை உயரத் தூக்கிக்கொண்டு, மர்பி டவுன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"என் சோப்பு நல்ல சோப்பு! எங்க மாப்ளேதான் பேதி உப்பைக் கொட்டித் தொட்டிக்குள்ள உக்காந்துட்டாரு!"

குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். வீட்டுக்கு நாங்கள் நடந்து வந்த வேகத்தைவிடச் சேதி வேகமாக வந்திருந்தது. அத்தை வாசலில் நின்று இருபதாவது தடவையாக வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. தொட்டியைக் காலி செய்து, செங்கல் பொடி போட்டுத் தேய்த்தது நான்தான். ஒன்றைச் சொல்ல வேண்டும்: தேய்க்கும்போது முதுகு வலிக்கவில்லை. உப்பா, வெந்நீரா, ஓட்டமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் கையும் காலும் ஒரு வாரம் சாம்பல் பூத்தது போல வறண்டு கிடந்தன.

அந்த சோப்பு நன்றாக ஓடியது. எந்தக் கடைக்காரராவது "நுரை பத்தலை மேஸ்திரி" என்று குறை சொன்னால், மாமா கோபமே படமாட்டார். "மொதல்ல இத்த சொல்லுங்க, உங்க வூட்டுக்கு எங்க மாப்ளே வந்தாரா?" என்பார்.

மாமா போய்ப் பல வருஷமாகிறது. போன மாசம் என் பெண் புது அபார்ட்மெண்டுக்குக் குடி போனாள். போர் தண்ணீர், சோப்பு போட்டால் நுரைப்பதில்லையாம். மாப்பிள்ளை போன் செய்தார். நல்ல பையன், நிறையப் படித்தவர், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "கிரகப்பிரவேசத்துக்கு வந்தப்ப, மொட்டை மாடி டேங்க்ல ஏதாவது உக்காந்தீங்களா?"