போலீஸ் சுமையும் ரெண்டு மைலும்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுத்துப் பிழை நிறைய வரும். அச்சுக் கோர்க்கிறவர் பொறுமையாகத் திருத்திப் போட வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்லத் தைரியம் இல்லாததால்தான் எழுதுகிறேன்.

இயேசு சொன்னதை ஒருவன் அப்படியே செய்யத் தொடங்கினால் அவன் ஊருக்கு எவ்வளவு பெரிய தொல்லையாக முடிவான் என்பது, உலகத்திலேயே எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஏனென்றால் எங்களுக்குத்தான் 'ரெண்டு மைல்' வாய்த்தார்.

அவர் பாறசாலைச் சந்தையில் சுமடு தூக்குகிறவர். கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதை அவர் மனைவிகூடச் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு மைல் தூரம் வா என்று ஒருவன் கட்டாயப்படுத்தினால் அவனோடு இரண்டு மைல் போகச் சொன்னார் அல்லவா இயேசு? மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மரச்சீனிக் கிழங்கு தின்றார்கள். இவர் மைல்கல்லைத் தேடிப் போனார்.

தன்மையாகக் கேட்டால் சுமை உங்கள் வீட்டு முற்றத்தில் இறங்கும். "எடுத்துட்டு வாலே" என்று அதட்டினால் தீர்ந்தது. ஒருமுறை நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் வாழைக்குலைகளை அவர் தலையில் ஏற்றி, வழியெல்லாம் ஏசிக்கொண்டே வந்தார். வீடு வந்தது. ரெண்டு மைல் நிற்கவில்லை. வாசலைத் தாண்டிக் குலைகள் போய்க்கொண்டே இருந்தன, பின்னால் பெரிய வீட்டுக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அடுத்த மைல்கல்லில் சுமையை இறக்கிவிட்டு இவர் சொன்னாராம்:

"நீங்க பலவந்தம் பண்ணினது அந்த ஒரு மைல். இது என் கணக்கு ஆக்கும்."

அதற்குப் பிறகு சந்தையில் எல்லோரும் அவரிடம் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசுவது போலப் பேசினார்கள்.

தோளில் போடும் துவர்த்து திருட்டுப் போன கதையும் உண்டு. குளிக்கும்போது வழிப்போக்கன் ஒருவன் இவருடைய துவர்த்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். எடுத்தவனுக்குச் சட்டையையும் சேர்த்துக் கொடு என்று இயேசு சொல்லியிருக்கிறாரே என்று ஈரத்தோடு இவர் துரத்தினார். பிடிக்க வருகிறார் என்று நினைத்து அவன் ஓடினான். இவர் சட்டையை வீசி வீசிக் கூப்பிட, அவன் அலறி, கடைசியில் குளத்தில் குதித்து அக்கரை ஏறித் தப்பினான். துவர்த்து குளத்தில் போயிற்று. சட்டை கொடுக்க முடியாத வருத்தத்தில் இவர் அன்று கஞ்சி குடிக்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, அவர் பொய் சொல்லமாட்டார். பெண் பார்க்க ஆள் வருகிறது என்றால், முதல் காரியமாக அவருக்குத் தூரத்துச் சுமடு ஏதாவது கொடுத்து ஒற்றசேகரமங்கலம் பக்கம் அனுப்பிவிடுவார்கள்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த ஊரில்தான் கிளர்ச்சி வந்தது. மலையாள அரசாங்கத்தின் கீழ் இருந்த, தமிழ் பேசும் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம், கோஷம், பிறகு போலீஸ். தெற்கே துப்பாக்கிச் சூடு என்று சேதி வந்த நாளிலிருந்து எங்களுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. நாய் குரைத்தால் அம்மா அடுப்பை அணைப்பாள். வீட்டு ஜெபத்தில் பாட்டை முணுமுணுத்துவிட்டு நிறுத்திக்கொள்வோம். சந்தையில் கூலி கேட்கக்கூட எந்தப் பாஷையில் வாய் திறப்பது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

என் அண்ணன் ஊர்வலத்தில் முன்னால் கொடி பிடித்துப் போனவன். போலீஸ் அவனைத் தேடியது. பிடிபட்டுப் போன ஒருவன் எப்படித் திரும்பி வந்தான் என்பதை நாங்கள் பார்த்திருந்தோம். கிழக்கே மலைப் பக்கம் போய்விட்டால் அண்ணன் தப்பலாம். ஆனால் அதற்கு எங்கள் ஊர் ரோட்டு முக்கைக் கடக்க வேண்டும். முக்கில் போலீஸ் அடுப்பு மூட்டிக் குடியிருந்தது. அதனால் அவனை, அக்கானி காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் ஓலைப் புரை ஒன்று பருவம் முடிந்து ஆளில்லாமல் கிடந்ததே, அதில் ஒளித்துவைத்தோம். அம்மாவுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

ஜெபிக்கும்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள் என்றும் இயேசு சொல்லியிருக்கிறார். ரெண்டு மைலின் குடிசைக்குக் கதவே கிடையாது. கதவுள்ள இடம் தேடி அவர் தினமும் போய் ஜெபித்த இடம் அந்தப் புரைதான் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலையில் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, உங்க மூத்தவன் புரையில கெடக்கியான். நான் ஜெபிச்சு முடிக்கது வரைக்கும் அடுப்புக்குப் பின்னால மூச்சு விடாம இருந்தான். பாவம், ரொம்ப நேரம் ஜெபிச்சுப்போட்டேன்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "போலீசு கேட்டா என்ன சொல்லுவீரு அண்ணே?"

அவர் தலையைச் சொறிந்தார். "பொய் சொல்லமாட்டேன் அக்கா."

அம்மா அன்று முழுவதும் கஞ்சிப் பானையைத் திறக்கவில்லை. என்னிடம், அவர் பின்னாலேயே போ, போலீஸ் பக்கம் போகவிடாதே என்றாள். எனக்குக் கலியாணம் பேசுகிற வயசு. ஆனாலும் காக்கியைக் கண்டால் வயல் வழியாகச் சுற்றிப் போகிறவன். மரச்சீனிச் சாக்கு ஒன்றைத் தலையில் வைத்து முகத்தை மறைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

முக்கில் போலீஸ் பாதிப் பேர் அடுத்த மைல்கல் முக்குக்கு இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். சுமடுகாரரைக் கண்டதும் ஏட்டு கூப்பிட்டார். கூப்பிட்டதோடு விடவில்லை. அண்ணன் பெயரைச் சொல்லி, நினக்கு அறியாமோ என்று மலையாளத்தில் கேட்டார்.

"அறியும் ஏமானே" என்றார் ரெண்டு மைல்.

என் தலையில் சாக்கு இருந்ததால்தான் நான் விழவில்லை.

"எங்கில் பறயெடா."

"அது பறயூல்ல ஏமானே."

தெரியும், சொல்லமாட்டேன். இப்படி ஒரு பதிலை அந்த ஏட்டு தன் உத்தியோகத்தில் கேட்டிருக்கமாட்டார். கன்னத்தில் ஓங்கி விட்டார். இவர் மறு கன்னத்தைக் காட்டினார். பரிகாசம் செய்கிறான் என்று நினைத்து ஏட்டு அதிலும் விட்டார். இனி எந்தக் கன்னத்தைக் காட்டுவது என்று தெரியாமல் இவர் முழித்ததை நான் பார்த்தேன். வேறொரு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன்.

அடுத்த முக்கில் வைத்து முறையாகக் கேட்கிறேன் என்று சொல்லி, அரிசிச் சாக்கையும் அதன் மேல் சோறு பொங்கும் செம்பையும் அவர் தலையில் ஏற்றி, "நடக்கெடா" என்றார் ஏட்டு.

பலவந்தம்.

நடந்தார்கள். தூரத்தில் நானும் நடந்தேன். மைல்கல் வந்தது. போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றி, ஆலமரத்தடியில் உட்காரப் போனார்கள். அவர்களுடைய மத்தியானச் சோறு மட்டும் நிற்காமல் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

ஏட்டு கத்தினார். சோறு நிற்கவில்லை. விசில் ஊதினார். அந்த விசில் கேட்டு, எங்கள் முக்கில் காவலுக்கு மிச்சம் இருந்தவர்களும் என்னவோ ஏதோ என்று துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார்கள். சுட்டுவிடுவார்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, எங்கள் முக்கு காலியாகக் கிடக்கிறது என்பது மெல்ல என் மூளையில் ஏறியது. சாக்கைப் போட்டுவிட்டுப் புரைக்கு ஓடினேன். அண்ணன் பட்டப்பகலில் ரோட்டைக் கடந்து மலைப் பக்கம் போனான்.

இரண்டாவது மைல்கல்லில் சுமையை மெதுவாக இறக்கி வைத்து, செம்பை நிமிர்த்தி, காரணத்தையும் இவர் சொன்னாராம். லத்தியால் காலில் அடித்துப் பார்த்தார்கள். அதையே திரும்பச் சொன்னாராம். கடைசியில் பசி தாங்காத ஏட்டு, இவனுக்கு வட்டு, கிறுக்குப் பயல், போகச் சொல் என்று விட்டுவிட்டார்.

சாயங்காலம் நான் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொண்டு அவர் குடிசைக்குப் போனேன். மனைவி வாசலில் நின்று அவரையும் போலீசையும் ஒரே மூச்சில் ஏசிக்கொண்டிருந்தாள். நான் காலைத் தடவிவிட்டேன். வீங்கி, தொட முடியாமல் இருந்தது.

"அண்ணனத் தப்பிக்க வைக்கவா மாமா நிக்காம போனீரு?"

"அவனத் தப்பிக்க வைக்கணும்னு எனக்கு நெனப்பே வரல்ல மக்கா." முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பயந்துபோனேன். நின்னா கேப்பானுவ, அடிச்சுக் கேட்டா நான் சொல்லிப்போடுவேன். நடக்கும்போ, ரெண்டு மைல் போகச் சொன்ன ஆளு பக்கத்துல உண்டும்னு ஒரு தோணல். அதனால நடந்தேன். நிக்கப் பயந்து ஆக்கும்."

ஊரில் பயப்படாதவர் இவர் ஒருவர்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பிறகு, தாடை வலிக்கிறது, நீ ஜெபி என்றார். நான் அதுவரை யார் காதிலும் விழும்படி ஜெபித்தவன் இல்லை. என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. ரொம்பத் திக்கினேன். முடித்ததும் அந்த வீங்கின வாயால் அவர் "ஆமென்" என்று சொன்ன சத்தத்தில் கோழிகள் சிதறி ஓடின.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் தனியாக ஜெபித்து முடித்தால் நான் உடனே ஆமென் சொல்வதில்லை. கொஞ்சம் பொறுத்திருப்பேன், முதலில் அவர் சொல்லட்டும் என்று.

எழுதி முடித்தது, மாசி மாதம், லெந்து என்னும் தவக்காலத்து முதல் சனிக்கிழமை.