நீலம் கெட்டுப் பழுப்பானது பற்றி

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

என் மருமகள் என்னைக் கொல்லைப்புறத்தில் உட்காரவைத்து விஷம் காய்ச்சச் சொல்கிறாள் என்று நீ சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டிருக்கிறாய். தவறு. அது மயில்துத்தம் என்கிற நீலச் செம்பு உப்பைக் கரைத்த தண்ணீர். குடித்தால்தான் விஷம், நான் குடிக்கவில்லை. அதைக் காய்ச்சுவதும் இல்லை, கொய்யா இலையைத்தான் காய்ச்சுகிறோம். உட்காருவதும் இல்லை, நின்றுகொண்டுதான் செய்கிறேன். வேலி மேலாக எட்டிப் பார்த்து உன்னிடம் கோள் சொன்ன பக்கத்து வீட்டு டீச்சருக்கு என் கையுறை மட்டும் தெரிந்திருக்கும். அதற்குள் உன்னிடமிருந்து "ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வரேன், பெட்டியைக் கட்டி வை" என்று உத்தரவு! நலம் விசாரிக்க மறந்துவிட்டேன். முழங்கால் எப்படி இருக்கிறது?

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். மருமகளுக்குக் கல்லூரியில் ஆராய்ச்சி. செம்பைக் கண்ணுக்கே தெரியாத நுண்துகளாக ஆக்க வேண்டும். மற்றவர்கள் போடும் காட்டமான ரசாயனத்துக்குப் பதிலாக இவள் இலைக் கஷாயம் ஊற்றுகிறாள். மண்ணும் தண்ணீரும் கெடாதாம். ஆய்வுக்கூடத்தின் கூரை ஒழுகி ரிப்பேர் நடப்பதால் வேலையை வீட்டுத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தாள். காலையில் நீலத் தண்ணீரில் கஷாயத்தைக் கலந்து, "அத்தை, கொஞ்சம் பார்த்துக்கோங்க, கெட்டுடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போவாள். உன் அத்தான் போன பிறகு என்னை நம்பி யார் ஒரு பொறுப்பு கொடுத்தார்கள்? எல்லோரும் "நீங்க சும்மா இருங்க" என்பார்கள். நான் கண்கொட்டாமல் பார்த்தேன். மத்தியானத்துக்குள் அந்த அழகான நீலம் பச்சையாகி, அப்புறம் அழுக்குப் பழுப்பாகிவிட்டது. கெட்டுப்போச்சு, அதுவும் என் பொறுப்பில்! கறை படிந்த டம்ளரைக் கண்டால் வகுப்பையே நிற்கவைத்த கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். பழுப்பை அவள் கழிவுக்கு வைத்திருந்த கேனில் கொட்டி, குடுவையைப் பளிச்சென்று கழுவி, பக்கத்து பாட்டிலிலிருந்து அதே அளவு நீலம் ஊற்றி வைத்தேன். மறுநாளும் அப்படியே. அவள் முகம் நாளுக்கு நாள் வாடுது, நான் நாளுக்கு நாள் இன்னும் நல்லாத் தேய்க்கிறேன்.

ஒரு சாயங்காலம் படியில் உட்கார்ந்து அழுதாள்.

"இந்த இலை உதவாது அத்தை. நிறமே மாற மாட்டேங்குது. இதை விட்டுடறேன்னு நாளைக்குப் பேராசிரியர்கிட்ட சொல்லிடப் போறேன்."

"மாறாம என்னம்மா? தினமும் பழுப்பாப் போய்த் தொலையுது. உன் மனசு நோகக் கூடாதுன்னு நான்தான் கொட்டிட்டு புதுசா வைக்கிறேன்."

அவள் கேனைத் திறந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கேனைப் பார்த்தாள். துகள் உண்டாகியிருக்கிறது என்பதற்குப் பழுப்புதான் முதல் அடையாளமாம்! நானாக இருந்தால் மாமியார் என்றும் பார்த்திருக்க மாட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "மத்தியானத்துக்குள்ளயே மாறுதா? பார்த்ததை ஒண்ணு விடாம சொல்லுங்க அத்தை" என்றாள். ஒரு கடுஞ்சொல் இல்லை. அந்தப் பெண்ணுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவள். அடுத்த குடுவையைக் கொட்டாமல் வைத்தேன். கல்லூரிக் கருவியில் துகள் தெரிந்ததாம். இப்போது நிறத்தைக் கவனித்துச் சொல்வது என் வேலை.

ஆகவே நான் எங்கும் வருவதாக இல்லை. நீயும் இந்தப் பக்கம் வர வேண்டாம். என் கவலையில்லாமல் நீயும் உன் வீட்டாரும் நூறு வயது வாழுங்கள்.

இப்படிக்கு,
வேலையில் இருக்கும் உன் அக்கா

பின்குறிப்பு: எங்கள் கொய்யா மரம் மொட்டையாகிவிட்டது. மாமா வீட்டு மரத்தில் நிறைய இருக்குமே என்று உன் வீட்டைச் சொல்கிறாள் மருமகள். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வா. டிக்கி நிறைய கொய்யா இலை, பூச்சி அரிக்காததாக. வருகிறாயா இல்லையா என்று எழுத்தில் பதில் போடு.