செவ்வரளிப் பொட்டலம்

சென்னியப்பனுக்குச் சொந்தமாகப் பெருமை என்று ஒன்றும் கிடையாது. இருந்த ஒரே பெருமையும் அவர் மனைவி பொன்னாத்தாளின் தலையில் இருந்தது. அவளுடைய கூந்தலைத்தான் சொல்கிறேன். அவிழ்த்து விட்டால் முழங்காலைத் தொடும். எருமப்பட்டிச் சந்தையில் புது ஆள் எவனாவது அகப்பட்டால் போதும், மாட்டு விலையைப் பாதியில் விட்டுவிட்டு மனைவியின் கூந்தலை அளக்க ஆரம்பித்துவிடுவார். வாங்க வந்தவன் மாட்டை மறந்து போய்விடுவான். மாடு திரும்ப வீட்டுக்கே வந்து சேரும்.

இந்தப் பெருமைக்குப் பாடுபட்டவள் என்னவோ பொன்னாத்தாள்தான். வெள்ளிக்கிழமை வந்தால் அரப்பு கரைத்து, தேய்த்து, அலசி, காயவைத்து, சிக்கெடுத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஈரத்தலையோடு மஞ்சள் காட்டுக்குப் போனால் சளி பிடிக்கும். போகாவிட்டால் களை மண்டும். கழுத்து வலிக்கிறது என்று அவள் சொன்னால், "கனம் அப்படி!" என்று அதற்கும் பூரித்துப் போவார் மனுஷன்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. சேலத்துக்குப் போய்க் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டு வந்திருந்தார். மடியில் எப்போதும் ஒரு கொம்புச் சீப்பு இருக்கும். வாய்க்கால் தண்ணீரில் முகம் பார்த்துச் சீவுவார். அந்த நேரத்தில் மடை உடைந்து தண்ணீர் அடுத்தவன் காட்டுக்குப் போனாலும் அவருக்குத் தெரியாது.

நாமகிரிப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் பொன்னாத்தாள் பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, இந்த முடியை மாரியாத்தாளுக்குக் குடுத்தரலாம்னு இருக்கறனுங்க."

"எந்த முடியை?"

"என்ற முடியைத்தானுங்க. மொட்டை அடிச்சுக்கறேன்."

சென்னியப்பனுக்குக் குடித்த மோர் மூக்கில் ஏறிவிட்டது. "ஏ புள்ள, உனக்கென்ன கிறுக்குப் புடிச்சுப் போச்சா?"

"அலுத்துப் போச்சுங்க. நேத்துக் கல்யாணத்துல பாத்தீங்கல்ல? வந்த பொம்பளைக அத்தனை பேரும் என்ற முதுகுப் பக்கம் நின்னுதான் பேசறாங்க. மூஞ்சியப் பாத்து ஒருத்தி பேசல. நம்ம காட்டுல மஞ்சள் எப்படி விளைஞ்சுது, யாரு பாடுபட்டாங்கன்னு ஒருத்தி கேக்கல. என்ன எண்ணெய் தேய்க்கறே, எத்தனை முழம் இருக்கும், இதே பேச்சு! நான் மனுசியா, இல்ல முடி தொங்கப் போடற ஆணியா?"

"அழகுன்னா நாலு பேரு பேசத்தான் செய்வாங்க."

"நாளைக்கு இது உதுந்து போச்சுன்னா, அப்பறம் நான் ஆருங்க?"

சென்னியப்பன் மடியில் கையை விட்டார். சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டார்.

"அது மட்டுமில்லீங்க. நீங்க காய்ச்சல்ல கெடந்தப்பவே ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். காய்ச்சல் எறங்கினா முடி தாரேன்னு."

"காய்ச்சல் கசாயத்துல எறங்குச்சு!"

"அந்தக் கசாயத்தைக் காச்சிக் குடுன்னு எனக்குப் புத்தி குடுத்தது ஆத்தாளுங்க."

வசமாக மாட்டிக்கொண்டார். வேண்டுதலைத் தடுத்தால் சாமி குற்றம். விட்டுவிட்டால் சந்தையில் போய் இனி எதைப் பேசுவது? 'நீளமுடிக்காரி வூட்டுக்காரர்' என்றால்தான் சந்தையில் ஆளைத் தெரியும். அது போனால் வெறும் சென்னியப்பன். வெறும் சென்னியப்பனை யார் மதிப்பார்கள்? அவருக்கே அந்த ஆளிடம் அவ்வளவு மதிப்பு இல்லை.

நெடுநேரம் யோசித்துவிட்டு முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு சொன்னார்: "செரி புள்ள. நீயும் வேண்டாம், நானும் வேண்டாம். ஆத்தாகிட்டயே பூக் கேட்டுப் போடலாம்."

பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் அந்தப் பக்கத்தில் பூக் கேட்காமல் எதுவும் நடக்காது. வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இலையில் மடித்து நார் சுற்றி அம்மன் காலடியில் வைப்பார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் ஆகட்டும். சிவப்பு வந்தால் வேண்டாம். அப்பீல் கிடையாது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பூப் பறிக்கும் வேலையைச் சென்னியப்பனே இழுத்துப் போட்டுக்கொண்டார். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு பூப் பறித்தறியாத கை அது. தொழுவத்துப் பக்கம் போய்ச் செவ்வரளியைப் பறித்து ஒரு பொட்டலம் கட்டினார். இன்னொரு பொட்டலத்துக்கும் செவ்வரளியையே பறித்தார். எதை எடுத்தாலும் சிவப்பு. முடி வேண்டாம் என்று அம்மனே சொன்ன மாதிரி ஆகிவிடும். "தாயே, தப்பா நெனச்சுக்காதே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கோயிலில் பூசாரி வேலுமணி பொட்டலங்களை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். சூடம் காட்டிவிட்டு, "கேளு சாமி" என்றார்.

பொன்னாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கணீரென்று கேட்டாள்.

"ஆத்தா, நானும் எங்க ஊட்டுக்காரரும் எங்க தலைமுடியை நாங்களே வெச்சுக்கலாம்னா வெள்ளையைக் குடு. வேண்டாம், ரெண்டு பேரு முடியும் உனக்குத்தான்னா செகப்பைக் குடு."

சென்னியப்பன் குறுக்கே கையை நீட்டினார். "ஏ புள்ள, கேள்வி அதில்ல..."

"கேட்டது கேட்டதுதான், மாத்தப்படாது" என்றார் பூசாரி. "யாராச்சும் ஒரு கொழந்தையைக் கூப்புடுங்க, எடுக்கட்டும்."

"கொழந்தை எதுக்குங்க? ஊட்டுக்காரரே எடுக்கட்டும்" என்றாள் பொன்னாத்தாள். "அப்பறம் கொழந்தை தெரியாம எடுத்துப் போட்டுதுன்னு பேச்சு வரப்படாது பாருங்க."

சென்னியப்பன் குனிந்தார். இந்தப் பொட்டலத்தைப் பார்த்தார். அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார். உலகத்தில் எவனும் அவ்வளவு நேரம் யோசித்துச் செவ்வரளியை எடுத்திருக்க மாட்டான்.

"செகப்பு!" என்று கூவினார் பூசாரி. "எதுக்கும் அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுப் பாத்தரலாம்."

பூசாரி கை நீட்டுவதற்குள் சென்னியப்பன் பாய்ந்து அதைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார். "வேண்டாங்க! ஆத்தா வாக்குக்கு மேல வாக்கு ஏது?"

"எங்க ஊட்டுக்காரருக்குப் பக்தி அதிகமுங்க" என்றாள் பொன்னாத்தாள்.

கோயிலடியிலேயே நாவிதர் சின்னண்ணன் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். பொன்னாத்தாள் முதலில் உட்கார்ந்தாள். முடி இறங்கி முடிந்ததும் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். வலிக்கவில்லை. "அப்பாடா!" என்று சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பைச் சென்னியப்பன் அவள் முகத்தில் பார்த்ததே இல்லை. பார்த்து ரசிக்க அவருக்கு அப்போது நேரமில்லை. சின்னண்ணன் அவர் கிராப்பில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

சந்தனம் பூசிய இரண்டு மொட்டைகளும் வண்டித்தடத்தில் வீட்டுக்கு நடந்தன. பாதி வழியில் சென்னியப்பனுக்குப் பொறுக்க முடியவில்லை.

"கேள்வியை எதுக்கு அப்படித் திருப்பிக் கேட்டே?"

"காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனனுங்க. செவ்வரளிச் செடி பூவே இல்லாம நின்னுச்சு. வெள்ளரளியில ஒரு பூக்கூடக் கொறையல."

சென்னியப்பன் மொட்டையைத் தடவினார். சீவ ஒன்றும் இல்லை.

"செரி, உன்ற முடியைக் குடுக்க நெனச்சே, குடுத்தே. என்ற முடி என்ன பண்ணுச்சு?"

"என்ற முடி மொதப் பொட்டலத்துக்குங்க" என்றாள் பொன்னாத்தாள். "உங்க முடி, மடியில வெச்சிருக்கறீங்களே, அந்த ரெண்டாவது பொட்டலத்துக்கு."